பாதியில் நின்ற கேள்வி

கிரகாம் கிரீன் 1948ஆம் ஆண்டு வெளியிட்ட 'தி ஹார்ட் ஆஃப் தி மேட்டர்' என்னும் நாவலைப் பற்றிக் கத்தோலிக்கர் நால்வர் கூடிப் பேசத் தொடங்கினால், பேச்சு சற்று நேரத்தில் ஒரே வினாவில் வந்து நின்றுவிடும். தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட ஸ்கோபி மீட்படைந்தாரா, நரகத்துக்குப் போனாரா என்பதே அவ்வினா. குருமடத்தில் ஒழுக்க இறையியல் பயின்ற நாள்களில் நாங்களும் இரு கட்சியாகப் பிரிந்து இதை வாதாடியிருக்கிறோம். கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் என்று சாவான பாவத்துக்குரிய மூன்று நிபந்தனைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து ஸ்கோபியின்மேல் பொருத்திப் பார்ப்போம். வாதம் சுவையாகவே இருக்கும். ஆனால் முக்கால் நூற்றாண்டாக நடந்துவரும் இந்த வழக்கு, நாவலில் உண்மையாகவே எழுதப்பட்டிருப்பதை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது என்பதே என் எண்ணம். இறந்தவரின் ஆன்மாவைத் துருவிக்கொண்டிருக்கும் நாம், அவர் உயிரோடிருந்த முந்நூறு பக்கங்களில் அவருக்கு என்ன நேர்ந்துகொண்டிருந்தது என்பதைப் பார்ப்பதில்லை.

நாவலைப் படித்திராத அன்பர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலம். மேற்கு ஆப்பிரிக்காவில் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட ஒரு கடற்கரை நகரம். கிரீன் தாமே போரின்போது சியரா லியோனின் ஃப்ரீடவுன் நகரில் உளவுத்துறைப் பணியில் இருந்தவராதலால், அந்த மழையும் வெக்கையும் கழுகுகளும் அவர் கண்ணால் கண்டவை. ஸ்கோபி அங்கே காவல்துறையின் துணை ஆணையர், நேர்மையானவர், கத்தோலிக்கர். ஒரே மகள் இங்கிலாந்தில் பள்ளியில் படிக்கையில் இறந்துபோனாள். அந்தச் செய்தியைச் சொன்ன தந்திகள் முறைமாறி வந்தன: இறந்துவிட்டாள் என்பது முதலில், கவலைக்கிடம் என்பது பிறகு. மனைவி லூயிஸ் அவ்வூரில் மகிழ்ச்சியற்றிருக்கிறார். அவரைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்புவதற்காக யூசுப் என்னும் வணிகரிடம் ஸ்கோபி கடன்படுகிறார். கப்பல் தாக்குண்டு கரைசேர்ந்த ஹெலன் என்னும் பத்தொன்பது வயது விதவையிடம் இரக்கம் கொள்கிறார். இரக்கம் தகாத உறவாகிறது. மனைவி திரும்பி வருகிறார். ஹெலனை விட்டுவிடுவதாக உறுதிகூற இயலாததால் பாவமன்னிப்புக் கிடைக்கவில்லை. ஆயினும் மனைவி ஐயுறாதிருக்கும்பொருட்டு நற்கருணை வாங்குகிறார். ஆண்டுக்கணக்காக உடனிருந்த பணியாளர் அலி, ஸ்கோபியின் ஐயத்தால் உயிரிழக்கிறார். இறுதியில், தாம் நேசிக்கும் எல்லாருக்கும், கடவுளுக்குங்கூட, தம்மால் கேடுதான் விளைகிறது என்ற முடிவுக்கு வந்து ஸ்கோபி தம்மை அழித்துக்கொள்கிறார். அது இதயநோயால் வந்த சாவு என்று பிறர் நம்பும்படி நாள்கணக்கில் நடித்து, நாட்குறிப்பிலும் பொய்க் குறிப்புகளைச் சேர்த்து வைக்கிறார்.

நாவல் வெளிவந்த ஆண்டிலேயே இரண்டு பெரிய எழுத்தாளர்கள் இதற்கு மறுப்பு எழுதினர். கடவுள்மீது கொண்ட அன்பினால் ஒருவர் தம் நரக தண்டனையைத் தாமே விரும்பி ஏற்பது என்னும் கருத்து ஒன்று தளர்வான கவிதைப் பேச்சு, அல்லது பித்துப்பிடித்த தெய்வ நிந்தனை என்றார் கத்தோலிக்கரான ஈவ்லின் வாஹ். கடவுள் நம்பிக்கையில்லாத ஜார்ஜ் ஆர்வெலின் தடை வேறு. நரகம் உண்டென்று ஸ்கோபி மெய்யாகவே நம்பியிருந்தால், இரண்டு பெண்களின் மனம் நோகாதிருக்க வேண்டும் என்பதற்காக நரகத்துக்குப் போகத் துணிவாரா? ஆகவே இப்படி ஒரு மனிதர் இருக்கவே முடியாது என்பது அவர் கட்சி.

ஆர்வெலின் இந்தத் தடையை நான் முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனெனில் நம் பங்குகளில் மிகுந்த பக்தியுள்ளோர் சொல்வதும் இதுவேதான். "விசுவாசம் இருந்தால் இப்படிச் செய்வானா?" என்று துக்க வீட்டுத் திண்ணையில் கேட்கும் பெரியவரும், ஐயவாதியான அந்த ஆங்கில எழுத்தாளரும் ஒரே பக்கம் நிற்கின்றனர். நம்பிக்கை இருக்கும் நெஞ்சில் இந்த எண்ணம் நுழையாது என்பது இருவருக்கும் பொதுவான கட்டுக்கதை.

விவிலியம் அறிந்தோர் இதைச் சொல்லலாகாது. கார்மேல் மலையில் வானிலிருந்து நெருப்பை இறக்கிய எலியா, அடுத்த அதிகாரத்திலேயே பாலைவனத்தில் ஒரு செடியின் அடியில் அமர்ந்து சாவை வேண்டுகிறார். யோபு தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார், எரேமியாவும் அவ்வாறே. டப்ளின் நகரில் பேராசிரியராயிருந்த இயேசு சபைக் குருவும் கவிஞருமான ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் 1885ஆம் ஆண்டளவில் எழுதிய இருண்ட பாடல்களைப் படித்தவர், செபம் மறவாத உள்ளத்திலும் இந்த இரவு இறங்கும் என்பதை அறிவர். விசுவாசமும் அதைச் சார்ந்த சமூக உறவும் பலருக்கு அரணாய் நிற்கின்றன என்பது மெய். ஆயினும் ஞானஸ்நானம் பெற்றவருக்கு நீரிழிவு வராது என்று நாம் சொல்வதில்லையே. மனச்சோர்வும் உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே பற்றும் நோய். வாரக்கணக்கில் உறக்கம் கெடும், பசி மாறும், எதிலும் நாட்டம் அறும். எல்லாவற்றையும்விடக் கொடியது, செய்யாத குற்றத்துக்கும் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் தீராத குற்ற உணர்வு. இதற்கு மருத்துவம் உண்டு. மருந்து பயன்தரத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும் என்பதை அறியாமல், பத்தே நாளில் குணமில்லை என்று நிறுத்திவிடுவோர் பலர். எல்லாத் தற்கொலைக்கும் இந்நோயே காரணம் என்று சொல்லிவிடவும் கூடாது. மது, கடன், கணநேர ஆத்திரம், வீட்டுக்குள் நிகழும் வன்முறை எல்லாம் நம் நாட்டில் பெரும்பங்கு வகிக்கின்றன.

ஸ்கோபியை நோயாளி என்று கிரீன் எங்கும் எழுதவில்லை. ஆனால் அடையாளங்களை ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறார். அமைதி, அமைதி என்று ஏங்கிக் கனவிலும் அதையே காணும் மனிதர் அவர். அதிலும் ஓரிடம் என்னைப் பலமுறை நிறுத்தியிருக்கிறது. உள்நாட்டில் பெம்பர்ட்டன் என்னும் இளம் அதிகாரி கடன்தொல்லையால் தற்கொலை செய்துகொள்ள, அங்குச் செல்லும் ஸ்கோபி, கலங்கி நிற்கும் இளங்குருவான தந்தை கிளேயிடம் இறந்தவனுக்காக வாதாடுகிறார். அவன் ஒன்றும் அறியாத இளைஞன், கடவுள் அவன்மேல் இரங்காமல் இருக்கமாட்டார் என்கிறார். அதே மூச்சில், உம்மைப் போன்றோரோ என்னைப் போன்றோரோ செய்தால் அது வேறு, நமக்குத் தெரியுமே, நமக்கு மன்னிப்பில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். பிறருக்கென்றால் கடலளவு இரக்கம், தமக்கென்றால் ஒரு துளியும் இல்லை. இறையியலைப் போல ஒலிக்கும் இந்தப் பேச்சு உண்மையில் நோயின் பேச்சு. மனச்சோர்வில் அமிழ்ந்தவரோடு ஒருமுறையேனும் அமர்ந்து பேசியவர்கள் இக்குரலை உடனே இனங்காண்பார்கள்.

இனி, கிரீன்மீது எனக்குள்ள குறையையும் சொல்ல வேண்டும். ஸ்கோபியின் முடிவை அவர் ஒரு பலிபோலத் தோன்றும்படி எழுதிவிட்டார். பீடத்தின் முன் மண்டியிட்டுக் கடவுளோடு வழக்காடி, நான் விலகிக்கொள்கிறேன், நீர் நலமாயிரும், அவர்களும் நலமாயிருப்பார்கள் என்ற பொருள்பட ஸ்கோபி பேசும் பகுதியின் மொழி அத்தனை அழகாயிருக்கிறது. அழகாயிருப்பதுதான் ஆபத்து. 'நான் இல்லாவிட்டால் இவர்கள் நன்றாயிருப்பார்கள்' என்பது இந்நோய் மனிதர் காதில் ஓதும் முதற்பொய். அந்தப் பொய்யை அன்பின் உச்சமாக உடுத்திக் காட்டும் எழுத்து, ஏற்கெனவே அக்குரலைக் கேட்டுக்கொண்டிருக்கும் வாசகருக்கு என்ன செய்யும்? நம் திரைப்படங்களிலும் தொடர்கதைகளிலும் குடும்பத்துக்காகவோ காதலுக்காகவோ உயிரை விடுவோர்க்குத் தரப்படும் பூமாலைகள் பற்றியும் இதே வினாவைக் கேட்கலாம்.

எனினும் கிரீன் நேர்மையான எழுத்தாளர். பலிபோல எழுதிவிட்டு, அது வீண் என்பதையும் இறுதி அத்தியாயங்களில் தாமே காட்டுகிறார். லூயிஸுக்கு எல்லாம் முன்பே தெரியும். ஊரிலிருந்து வந்த கடிதத்தால் ஹெலனைப் பற்றி அறிந்துதான் அவர் திரும்பியே வந்தார். எந்த இரகசியத்தைக் காக்க ஸ்கோபி நற்கருணையையும் உயிரையும் கொடுத்தாரோ அது இரகசியமே அன்று. ஹெலனும் அவர் சாவால் நிம்மதி பெறவில்லை. யார் வந்தாலும் எது நடந்தாலும் ஒன்றுதான் என்ற வெறுமையில் விழுகிறாள். சாவதற்குச் சில நாள் முன்பே, இத்தனை காலம் கைநழுவியிருந்த ஆணையர் பதவியும் ஸ்கோபிக்கு வந்துவிட்டது! வேலை கிடைத்தால் தெளிந்துவிடுவான், கடன் தீர்ந்தால் எழுந்துவிடுவான் என்று நாம் சொல்லும் ஆறுதல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. தாம் எழுதியது இரக்கத்துக்கும் அகந்தைக்கும் உள்ள உறவைப் பற்றி என்றும், நாவல் தமக்கே நிறைவளிக்கவில்லை என்றும் கிரீன் பின்னாளில், 1980இல் வெளியான தன்வரலாற்று நூலில் தெரிவித்தார். விமர்சகர் பலரும் இதை அவருடைய தன்னடக்கம் என்று தள்ளிவிட்டனர். நான் அதை ஒரு திருத்தம் என்றே வாசிக்கிறேன்.

நாவலின் உயிர்நாடி எனக்கு வேறோரிடத்தில் துடிக்கிறது. மழைக்காலம். பங்குத்தந்தை ரேங்க் சோர்ந்த மனத்தோடு ஸ்கோபியைக் காண வருகிறார். தாம் உயிரோடிருப்போர்க்கு ஒருபோதும் பயன்பட்டதில்லை என்று மனம்விட்டுப் பேசுகிறார். துன்பம் வந்தால் மக்கள் குருவாகிய தம்மிடம் வராமல் ஸ்கோபியிடமே போவார்கள் என்கிறார். பிறகு, உமக்குத் துன்பம் வந்தால் நீர் எங்கே போவீர் என்று கேட்கிறார். கேட்பவர் கண்ணில் ஓர் அழைப்பு இருப்பதை ஸ்கோபி காண்கிறார். கண்டும், தாம் துன்பத்தில் சிக்கும் ஆளல்லர், நடுவயதைக் கடந்த சாரமற்ற மனிதர் என்று நழுவிவிடுகிறார். இருவரும் வேறுபக்கம் பார்த்தபடி மௌனமாகிறார்கள். கூரைமேல் மழை கொட்டுகிறது.

எத்தனை பெரிய காட்சி இது! இருவரும் நல்லவர்கள். ஒருவருக்குக் கேட்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. மற்றவருக்குச் சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது. ஆனால் கேள்வி பாதியில் நின்றுவிட்டது. 'எங்கே போவீர்' என்று கேட்ட குரு, 'இப்போது துன்பத்தில் இருக்கிறீரா, வாழ வேண்டாம் என்று தோன்றுகிறதா' என்று கேட்கவில்லை. நாமும் கேட்பதில்லை. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்தவர்களாவோம் என்ற அச்சம் நம்மிடம் ஆழ வேரூன்றியிருக்கிறது. ஆய்வுகள் கண்டது இதற்கு மாறானது: பரிவோடும் நேராகவும் கேட்பது அவ்வெண்ணத்தைத் தூண்டுவதில்லை. யாரோ கதவைத் தட்டினார்கள் என்ற ஆறுதலையே பலருக்கும் தருகிறது.

ஸ்கோபி நழுவினார், நம் வீடுகளிலோ பலர் நழுவுவதுகூட இல்லை, வாய்விட்டே சொல்கிறார்கள். "போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலாம்", "என்னால் உங்களுக்கு ஏன் தொல்லை", "பிள்ளைகளைப் பார்த்துக்கொள்" என்று நம் மொழியில் இதற்கு வழிகள் பல. கேட்டவர்களோ "சாகிறவன் சொல்லிவிட்டா சாவான், சும்மா மிரட்டுகிறான்" என்று எழுந்துபோகிறார்கள். தற்கொலையால் இறந்தோரில் பலர் முன்னதாக எவ்வகையிலாவது அதைக் குறிப்பாலோ சொல்லாலோ உணர்த்தியவர்களே. பக்தியுள்ள வீடானால் இன்னொரு விடையும் உண்டு: "செபமாலை சொல், எல்லாம் சரியாகும்." செபமாலையைக் குறைத்துப் பேச நான் துணியேன். ஆனால் சாவை வேண்டிய எலியாவுக்கு ஆண்டவர் முதலில் அனுப்பியது அறிவுரை அன்று. சுட்ட அப்பமும் தண்ணீரும் அனுப்பினார், உறங்கவிட்டார், எழுப்பி மறுபடியும் உண்ணச் செய்தார். நாற்பது நாள் நடந்து மலையை அடைந்த பிறகே கேள்வி வருகிறது, அதுவும் இருமுறை. எலியா இருமுறையும் ஒரே புலம்பலைச் சொல்கிறார். ஆண்டவர் பொறுமையிழக்கவில்லை.

சாவதென்று முடிவுகட்டியவரை யாராலும் தடுக்க இயலாது என்பதும் தவறு. சாகும் விருப்பமும் வாழும் விருப்பமும் ஒரே நெஞ்சில் மல்லாடிக்கொண்டிருக்கும். ஆபத்தான வேளை பெரும்பாலும் குறுகியது. ஒருமுறை முயன்று பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. இலங்கை 1990களில் மிகக் கொடிய பூச்சிமருந்துகள் சிலவற்றைத் தடைசெய்தபின், பத்தாண்டுகளுக்குள் அந்நாட்டின் தற்கொலை வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கைக்கெட்டாதபடி ஒன்றை அகற்றி வைத்ததாலேயே ஆயிரக்கணக்கானோர் அந்த வேளையைக் கடந்து வாழ்ந்தார்கள்.

ஸ்கோபியின் கடைசி நாள்களில் இன்னொன்றையும் கிரீன் கூர்ந்து கவனித்திருக்கிறார். அவர் அமைதியாயிருக்கிறார். மனைவியிடம் கனிவாகப் பேசுகிறார். கடைசி மாலையிலும் வீட்டில் எல்லாம் வழக்கம்போல் நடக்கிறது. நெடுநாள் வாடியிருந்தவர் திடீரெனத் தெளிந்தால் வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விடுவது இயல்பு. சிலவேளை அந்தத் தெளிவு முடிவெடுத்துவிட்டவரின் தெளிவு. அப்போதுதான் அருகிலிருக்க வேண்டும்.

அவர் நாட்குறிப்பைத் திருத்தி வைத்தது பற்றியும் சொல்ல வேண்டும். கதையில் வில்சன் என்பவர் மையின் வேறுபாட்டைக் கண்டு உண்மையை ஊகித்துவிடுகிறார். நம்மூரில் நாட்குறிப்பைத் திருத்துபவர்கள் வீட்டார். இறந்தவரின் பெயரையும் பிள்ளைகளின் திருமணத்தையும் காப்பாற்ற 'மாரடைப்பு' என்கிறார்கள். நாளேடுகளோ 'வயிற்றுவலி தாங்காமல்' என்று நாலு வரியில் முடித்துவிடுகின்றன, இல்லையேல் செய்த முறையைச் சமையற்குறிப்பு போல விவரிக்கின்றன. இரண்டும் தீங்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர், மாநிலங்களில் இரண்டாமிடம். நாளொன்றுக்கு ஐம்பதுக்கு மேல். இத்தனை வீடுகளிலும் ஒரு மறைப்பு நடந்தால், எந்தப் பங்கில் யார் யாரிடம் உதவி கேட்பார்கள்?

மறைப்பதற்குத் திருச்சபையும் ஒரு காரணமாயிருந்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. கொல்லாதே என்ற கட்டளை தன்னுயிரையும் காக்கிறது என்று புனித அகுஸ்தீன் வாதிட்டார். தனக்கும் சமூகத்துக்கும் கடவுளுக்கும் எதிரான குற்றம் என்று புனித தாமஸ் அக்குவினாஸ் வகுத்தார். உயிரின் மதிப்பைப் பற்றிய அப்போதனை இன்றும் மாறவில்லை. ஆனால் 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், மனந்திரும்பிய அடையாளம் காட்டாமல் வேண்டுமென்றே தம்மை மாய்த்துக்கொண்டோர்க்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. மந்திரித்த கல்லறைக்கு வெளியே ஒரு மூலையில் புதைத்த நினைவு நம் ஊர்களில் பழையவர்களுக்கு உண்டு. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அடக்கம் மறுக்கப்படுவோர் வரிசையில் தற்கொலை செய்துகொண்டோர் இல்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், கடுமையான உளநோயும் வேதனையும் அச்சமும் அச்செயலுக்கான பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுடைய நித்திய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கலாகாது என்றும் கூறுகிறது. நாட்டின் சட்டமும் மாறியது: 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், முயன்று பிழைத்தவரைக் கடும் மனவழுத்தத்துக்கு ஆளானவராகவே கருதச் சொல்லி, அவருக்குச் சிகிச்சை அளிப்பதை அரசின் கடமையாக்கியது. சென்னையில் 1986 முதல் சினேகா அமைப்பு இத்தகையோர்க்குச் செவிகொடுத்து வருகிறது. 2022இல் அரசு தொடங்கிய டெலி மனாஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம். சட்டங்கள் மாறிய செய்தி திண்ணைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பெர்னனோஸ் 1936இல் எழுதிய, ஒரு கிராமத்துக் குருவின் நாட்குறிப்பாக அமைந்த நாவலிலும் ஒரு மருத்துவர் ஐயத்துக்கிடமான முறையில் இறந்துபோகிறார். அவர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டாரா என்று இளங்குரு கேட்கையில், இறந்தவரின் நண்பரான முதிய குரு தீர்ப்பைக் கடவுளிடம் விட்டுவிட்டுத் தம் நண்பருக்காகத் துயருறுகிறார். கிரீனின் தந்தை ரேங்க் அவரைவிடச் சினம் மிகுந்தவர். நாவலின் இறுதியில், ஸ்கோபிக்காக இனிச் செபித்தும் பயனில்லை என்னும்படி லூயிஸ் பேச, அவர் நாட்குறிப்பைப் படாரென்று மூடுகிறார். கடவுளின் இரக்கத்தைப் பற்றி உமக்கோ எனக்கோ ஏதும் தெரியும் என்று எண்ணிவிடாதீர் என்று வெகுள்கிறார்.

கல்லறைத் திருநாளுக்கு முன்வாரம் இறந்தோர் பெயர்ப் பட்டியல் வாங்கும்போது, எல்லாரும் போனபின் அலுவலக வாசலில் ஒருவர் தயங்கி நிற்பதுண்டு. லூயிஸ் கேட்டதையே அவரும் கேட்பார்: "சாமி, அவனுக்குப் பூசை வைக்கலாமா?" வைக்கலாம். பெயரை உரக்கவே வாசிப்போம்.